கருத்துக்கு முன் காரணம்: ஆங்கில உரையாடல் பயிற்சியில் இன்றைய வாழ்க்கை

ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் இலக்கணப் பாடம் முடிந்து உரையாடல் தொடங்கும்போது, கூட்டுக் குடும்பம் அருகி வருவது, கைபேசிப் பழக்கம், வீட்டிலிருந்தே அலுவல் பார்ப்பது, முதியோர் இல்லம் போன்ற இக்கால வாழ்க்கைப் பொருள்களே பெரும்பாலும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அன்றாடம் கண்டு பழகிய செய்திகள் என்பதால் இவை எளியவை என்று கருதப்பட்டாலும், பயில்வோர் மிகுதியும் தடுமாறுவது இவற்றைப் பேசும்போதுதான். சொல்வளக் குறைவு ஒருபுறம் இருக்க, சொல்ல வரும் கருத்துக்கு உரிய காரணம் மனத்தில் உருப்பெறாததே அத்தடுமாற்றத்தின் வேர் ஆகும்.

இந்தச் சிக்கலை விளக்கும் கோட்பாடு ஒன்று தென்னிந்தியப் பள்ளிகளிலேயே உருவானது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்தியதும் பெங்களூர்த் திட்டம் என்று அறியப்படுவதுமான கற்பித்தல் ஆய்வில், இலக்கண விதிகளை முதலில் புகட்டுவதை விட்டு, ரயில் கால அட்டவணையைப் பார்த்து ஏற்ற வண்டியைக் கண்டறிவது போன்ற பணிகளின் வழியே மாணவர்கள் ஆங்கிலத்தைப் பழகினர். அப்பணிகளை அவர் மூன்றாகப் பிரித்தார்: ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குத் தெரிவிப்பது தகவல் இடைவெளி, கிடைத்த விவரங்களிலிருந்து புதிய முடிவை வருவிப்பது தர்க்க இடைவெளி, தன் விருப்பத்தையோ நிலைப்பாட்டையோ எடுத்துரைப்பது கருத்து இடைவெளி. சமூகப் பொருள்கள் பற்றிய உரையாடல் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அதில் சரி, தவறு என்று அறுதியிட்ட விடை கிடையாது என்பதால், பற்றிக்கொள்ள எதுவுமின்றிப் புதிதாகக் கற்பவர் திகைத்து நிற்கிறார். பிரபுவும் வகுப்பறைக்குத் தர்க்க இடைவெளிப் பணிகளையே ஏற்றவையாகக் கருதினார்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் எழுதப்படும் ஐஈஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பகுதியும் இதே இடத்தில்தான் சோதிக்கிறது. 11 முதல் 14 நிமிடங்கள் நீளும் அத்தேர்வின் மூன்றாம் கட்டத்தில், 4 முதல் 5 நிமிடங்கள் வரை சமூகம் சார்ந்த பொதுவான வினாக்கள் கேட்கப்படுகின்றன. சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம மதிப்பு அளிக்கப்படுகிறதே தவிர, தேர்வர் எந்தப் பக்கம் நின்று பேசுகிறார் என்பதற்கு மதிப்பெண் இல்லை. அவ்வாறிருந்தும், எதைக் கேட்டாலும் ‘எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்’ என்று மனப்பாடத் தொடரால் தொடங்குவோர் பலர். நாணயத்தின் இரு பக்கங்களையும் பட்டியலிட்ட பிறகு, ‘ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?’ என்ற ஒற்றைத் துணைக்கேள்வி வந்தவுடன் பேச்சு நின்றுவிடுகிறது.

சொற்களின் எல்லை இரு மொழிகளிலும் ஒன்றாக இல்லாததும் கவனத்துக்குரியது. முதியோரின் தனிமை பற்றிப் பேச முற்படும் தமிழ் மாணவர், தமிழில் ஒரே சொல்லில் அடங்குவதை ஆங்கிலத்தில் பிரித்தறிய வேண்டியுள்ளது. துணையின்றி வாடுவது ‘லோன்லினஸ்’. தானே விரும்பித் தனித்திருப்பது ‘சாலிட்யூட்’. பிறர் தலையீடற்ற அந்தரங்கம் ‘பிரைவசி’. மகன் வீட்டில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருந்தும் பேச்சுத் துணையின்றி இருக்கும் பாட்டிக்கு முதல் சொல்லும், தனக்கென ஓர் அறை கேட்கும் பேத்திக்கு மூன்றாம் சொல்லும் பொருந்தும். இந்த வேறுபாட்டைத் தேடும் முயற்சியில், ஒரே வீட்டுக்குள் இருவருடைய தேவைகளும் எவ்வாறு மோதுகின்றன என்பதும் மாணவருக்குப் புலப்படுகிறது. மொழிப் பயிற்சி சமூகச் சிந்தனையாக மாறும் இடம் அதுவே.

ஆகவே, கருத்து கேட்பதற்கு முன் காரணத்தைத் தேடவைக்கும் பயிற்சியே பயனளிக்கும். ‘முதியோர் இல்லம் நல்லதா?’ என்று கேட்பதை விட, பெற்றோர் ஊரிலும் பிள்ளைகள் வெளியூர் வேலையிலும் உள்ள ஒரு குடும்பத்தின் வருமானம், உடல்நலம், வீட்டு வசதி ஆகிய விவரங்களைக் கொடுத்து, ஏற்ற ஏற்பாட்டை முடிவு செய்யச் சொன்னால், தர்க்க இடைவெளியின் வழியே கருத்து தானாகப் பிறக்கும். முதலில் தமிழிலேயே சிந்தித்து, பின்னர் அதே கருத்தை 4 நிமிடம், 3 நிமிடம், 2 நிமிடம் என்று குறைந்துவரும் நேரத்தில் மூன்று வெவ்வேறு நண்பர்களிடம் ஆங்கிலத்தில் சொல்லும்போது, சொல்வது முன்பே தெரிந்திருப்பதால் சரளம் கூடுகிறது. தாய்மொழியில் தெளிந்த எண்ணத்துக்கு ஆங்கிலச் சொல்லைத் தேடித் தர முடியும். எண்ணமே இல்லாத இடத்தில் எந்த மொழியும் கைகொடுக்காது.