வெந்நீரில் வேலி கட்டியவை

அத்திப்பட்டில் இருக்கும் வட சென்னை அனல்மின் நிலையம் கடல்நீரை இழுத்து, அதைக் கொண்டு நீராவியைக் குளிர வைத்து, சூடேறிய நீரை வெளியே விடுகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசுகிறவர்களுக்கு அது சுடுதண்ணி. இறாலும் நண்டும் அந்தப் பக்கம் அண்டுவதில்லை என்பது அவர்களுடைய பழைய குறை. சூட்டில்தான் வாழ்வோம் என்று அடம்பிடிக்கும் பாக்டீரியாக்களும் உலகில் உண்டே, அவையாவது இங்கே வந்து குடியேறக் கூடாதா?

வராது. அவற்றுக்கு இந்தத் தண்ணீர் குளிர்ச்சி. நீர் போய்ச் சேரும் இடத்தில் கடலின் சூடு இயல்பைவிட 7 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறக் கூடாது என்பது புதிய கடலோர அனல்மின் நிலையங்களுக்கான விதி. கடல் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால் கணக்கு 37இல் முடிகிறது. நம் உடம்புச் சூடு. விதியைச் சற்று மீறினாலும் பெரிய மாற்றமில்லை. வெப்ப விரும்பிகள் என்று நுண்ணுயிரியலாளர்கள் சொல்லும் உயிர்களுக்கு வாழ்க்கை தொடங்குவதே 45 டிகிரிக்கு மேலேதான். இராவணன் தாயின் ஈமக்கடனுக்காகத் தோண்டியதாகச் சொல்லப்படும் திருகோணமலைக் கன்னியாக் கிணறுகள் ஏழும்கூட 40 டிகிரியை ஒட்டித்தான் நிற்கின்றன. குளிக்க இதம், அவ்வளவே.

இந்தியாவில் வெப்ப விரும்பிகளைத் தேட நல்ல இடம் இமயமலை. இமாசலத்தின் மணிகரணில் ஊற்றுத் தண்ணீரிலேயே அரிசியை வேக வைத்துவிடுகிறார்கள். லடாக்கின் புகா பள்ளத்தாக்கு 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ஊற்று வாயிலிருந்து நீர் ஓடி ஓடி ஆறும் பாதையில் பச்சையும் ஆரஞ்சுமாக வழவழவென்று ஏதோ படிந்திருக்கும். பாசி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடலாம். அது கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அடுக்கடுக்காக நெய்துகொண்ட பாய்.

அவை சூட்டைத் தின்று வாழ்கின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அவற்றின் சாப்பாடு வெயில்தான், நம் வயல் நெல்லுக்குப் போலவே. பிறகு எதற்கு இந்த வேக்காட்டில் குடியிருக்க வேண்டும்? அமெரிக்காவின் ஒரிகன் மாநில வெந்நீர் ஊற்று ஒன்றில் இதற்கு நல்ல பதில் கிடைத்தது. இறாலின் தூரத்து உறவான, கடுகளவே உள்ள ஓட்டுயிர் ஒன்று அங்கே பாயை மேய்ந்து தீர்க்கிறது. ஆனால் தண்ணீர் 50 டிகிரியை நெருங்கும் இடத்தில் அதன் மேய்ச்சல் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் சூடான பகுதியில் பாய் தடித்து வளர்கிறது. சூடு என்பது மாடு புகாமல் போட்ட வேலி.

வேலிக்குள்ளும் இடத்துக்குப் போட்டி உண்டு. மேலடுக்கில் நீலப்பச்சை பாக்டீரியா இருந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. அதன் அடியில் ஆரஞ்சு நிறத்தில் நெளிவது குளோரோஃபிளெக்ஸஸ். 1974இல் பியர்சன், காஸ்டன்ஹோல்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதை விவரித்துப் பெயரிட்டார்கள். மேலே இருப்பவர் வேண்டாமென்று விட்ட அகச்சிவப்பு ஒளியே இதற்குப் போதும். நாம் இருட்டு என்று சொல்லும் இடத்தில் இது உழைத்துக்கொண்டிருக்கும். மேலடுக்கில் கசியும் சர்க்கரைகளையும் அமிலங்களையும் பகலில் உறிஞ்சிக்கொள்ளும். வெயிலே இல்லாத நேரத்தில் ஆக்சிஜன் கிடைத்தால் நம்மைப் போல் மூச்சு விட்டும் சமாளிக்கும். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

இது ஒளிச்சேர்க்கை செய்யும், ஆனால் ஆக்சிஜன் விடாது. தண்ணீரைப் பிளக்கும் திறமை இதற்கு இல்லை. இத்தகைய பாக்டீரியாக்கள் பல, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிளந்து கந்தகத்தை மிச்சம் வைக்கின்றன. 1930களில் வான் நீல் என்ற நுண்ணுயிரியலாளர் இதைப் பார்த்துவிட்டுச் செடிகளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தார்: சல்ஃபைடிலிருந்து கந்தகம் வருகிறது என்றால், செடி விடும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்துதான் வர வேண்டும். அது கரியமில வாயுவிலிருந்து வருகிறது என்று நம்பியிருந்த காலம் அது. மரத்தின் ரகசியத்தை மரத்திடம் கேட்காமல் நாற்றமடிக்கும் பாக்டீரியாவிடம் கேட்டு வாங்கிய இந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சூட்டிலும் ஒரு மேல் எல்லை உண்டு. ஏறக்குறைய 73 டிகிரியோடு ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது. ஒளியைப் பிடிக்கும் புரதங்களும் நிறமிகளும் மெல்லிய சவ்வில் கோத்திருப்பவை. அதற்கு மேல் அந்தக் கோப்பு குலைந்துவிடும். வெயிலை நம்பாத நுண்ணுயிர்கள் இதைத் தாண்டிப் போகும். ஆழ்கடலில் எடுத்த ஒன்று 122 டிகிரியிலும் பெருகியதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் உயிர்கள் தாங்கும் சூட்டை அளந்த தாமஸ் பிராக், ஹட்சன் ஃப்ரீஸ் என்ற மாணவரோடு 1966இல் சேகரித்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவும் வெயிலை நம்பாத வகைதான். கொதிக்க வைத்தாலும் எளிதில் கெடாத அதன் நொதி பிசிஆர் சோதனைக்கு உயிர்நாடியானது. கொரோனா நாட்களில் திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகள் போய்ச் சேர்ந்ததும் அந்தச் சோதனைக்குத்தான்.

வெப்பம் உணவல்ல என்ற கணக்குக்கு ஒரு விலக்கு 2005இல் வெளிவந்தது. பசிபிக் கடலில், வெயில் எட்டாத சுமார் 2,400 மீட்டர் ஆழத்தில், கொதிநீர் பீறிடும் ஒரு வாயருகே பச்சைக் கந்தக பாக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒளி இல்லாமல் அதனால் வளர முடியாது. 350 டிகிரியை ஒட்டிய நீர் உமிழும் மங்கலான ஒளியைத் தவிர அங்கே வேறு வெளிச்சம் ஏதும் இல்லை.