காண்பன, அறிவன

போன ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால், திருத்தணியில் அத்தை வீட்டுத் திண்ணையில் ஒரு விஞ்ஞானச் சோதனை நடந்தது. நடத்தியவர் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்க வந்த நகரிப் பக்கத்துப் பையன். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் அத்தை வீட்டு போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். டம்ளருக்கு இரண்டாக நாலு கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டியை அவற்றின் மேல் வைத்து பிளக்கைச் செருகினார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. போர் தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, நுரை தள்ளி, சாக்கடையாகிவிட்டது. அவர் தண்ணீர் அப்படியே இருந்தது. "பாத்தீங்களாம்மா? இத்தனை நாளா இதைத்தான் குடிச்சிருக்கீங்க" என்றார். குரலில் துக்கம் விசாரிக்க வந்தவரின் நிதானம்.

அந்தக் குரலை எனக்கு ஏற்கெனவே தெரியும். அது விஞ்ஞான நிகழ்ச்சிகளின் குரல். சந்தேகமே படாது, அவசரமும் படாது. நாம் முட்டாள் என்பதை அன்பாகத் தெரிவிக்கும்.

இந்தக் குரலை வைத்தே ஒரு நகைச்சுவைத் தொடர் எடுத்தவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். ராபர்ட் பாப்பர், பீட்டர் செராஃபினோவிச் என்ற இரண்டு பேர். தொடரின் பெயர் 'லுக் அரவுண்ட் யூ'. முதலில் வெள்ளோட்டமாக 'கால்சியம்' என்ற தலைப்பில் ஒரு குறும்படம் எடுத்தார்கள். அது பிடித்துப்போய், 2002-ல் பிபிசியின் இரண்டாவது சேனலில் பத்து நிமிஷத் துண்டுகளாக முதல் தொடர் வந்தது. எழுபதுகளின் இறுதியில் பிரிட்டிஷ் பள்ளிகளுக்கு ஒளிபரப்பான பாட நிகழ்ச்சிகளின் அச்சு அசல் நகல்: மங்கிய நிறம், வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவை, பெயர் எழுதி ஒட்டிய பாத்திரங்கள். குரல் கொடுத்த நைஜல் லாம்பர்ட் கடைசிவரை சிரிக்கவே இல்லை. எண்களிலேயே பெரியது சுமார் 4,500 கோடி, அதைவிடப் பெரியது இருக்கலாம் என்று கணித மேதைகள் சந்தேகிக்கிறார்கள் என்பார். சொல்லிவிட்டு, நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்வார். நீர், கந்தகம், இரும்பு என்ற வரிசையில் பேய்க்கும் ஒரு பாடம் உண்டு. அதுவும் ஆய்வகத்தில், அதே நிதானத்தோடு.

இரண்டாவது தொடர் 2005-ல் வந்தது. இந்த முறை 'டுமாரோஸ் வேர்ல்ட்' என்ற நீண்டகால பிபிசி அறிவியல் நிகழ்ச்சியைக் கலாய்த்து, ஸ்டூடியோவில் தொகுப்பாளர்களோடு, அரை மணி நேரம். எனக்கென்னவோ முதல் தொடர்தான். ஆள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் குரலின் அதிகாரம் பாதி போய்விடுகிறது.

தமிழில் ஏன் இப்படி ஒன்று வரவில்லை? கலாய்ப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. விஜய் டி.வி.யின் 'லொள்ளு சபா' எந்தப் படத்தை விட்டுவைத்தது? சந்தானமும் சுவாமிநாதனும் மனோகரும் வாராவாரம் ஒரு வெற்றிப்படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். 2010-ல் சி.எஸ். அமுதன் 'தமிழ்ப்படம்' எடுத்தபோது தியேட்டரே அதிர்ந்தது. ஆனால் எல்லாம் சினிமா. கலாய்க்க வேண்டுமென்றால் முதலில் அது ஊருக்கே மனப்பாடமாக இருக்க வேண்டும். நமக்கு மனப்பாடம் சினிமாதான்.

விஞ்ஞான நிகழ்ச்சி நம் வீட்டுக்கும் வந்தது, ஆனால் இங்கிலீஷில் வந்தது. 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் பாடங்கள் இன்சாட்-1பி வழியாக தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயின. மத்தியான வேளையில் அத்தை வீட்டு சாலிடேர் டி.வி.யில் யாரோ ஒருவர் தவளையின் இதயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். படத்தில் மழை பெய்யும். நான் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பினால் கீழிருந்து தமிழில் ஒரு குரல், தெலுங்கில் ஒரு குரல், "அங்கேயே நிறுத்து" என்று. ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் யாரும் அணைக்க மாட்டார்கள். புரியாததாலேயே மரியாதை கூடியது என்று இப்போது தோன்றுகிறது.

நமக்குத் தமிழில் மனப்பாடமான விஞ்ஞானக் குரல் ஒன்று உண்டு, அது டி.வி.யில் இல்லை. பிளஸ் டூ வேதியியல் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது. சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம். உப்பைச் சோதனைக் குழாயில் போடு, அமிலம் ஊற்று, நுரைத்துப் பொங்கினால் கார்பனேட் இருக்கலாம். சோதனை செய்வதற்கு முன்பே மூன்று கட்டத்தையும் நிரப்பிய தலைமுறை நாங்கள். இந்த நடையில் திருத்தணிக்கு ஒரு பைலட் எபிசோடு எழுதலாம். தலைப்பு 'படி'. சோதனை: கோயிலின் 365 படிகளை ஏறுக. காண்பன: மூச்சு இரைக்கிறது. அறிவன: மலை இருக்கலாம். டிசம்பர் 31 ராத்திரி படிக்குப் படி கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஏறுகிறவர்களை, வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் ஸ்டாப்வாட்சோடு பின்தொடரலாம்.

இதையெல்லாம் யார் நம்புவார்கள் என்று கேட்காதீர்கள். 1996-ல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை, தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்கவைத்து, குச்சியால் கலக்கி, பெட்ரோல் என்று காட்டினார். படித்தவர்கள், பெரிய நிறுவனத்து விஞ்ஞானிகள், அமைச்சர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். வித்தை குச்சிக்குள் இருந்தது என்று பிறகு பேச்சு எழுந்தது. வழக்கு சி.பி.ஐ. வரை போய், 2016-ல் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. அங்கேயும் இருந்தவை அடுப்பு, பாத்திரம், கலக்க ஒரு குச்சி, தயங்காத ஒரு குரல்.

திண்ணைக்கு வருகிறேன். அத்தை அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் விஞ்ஞானம் நடத்தி ரிட்டையர் ஆனவர். ஆசிரியர் தினத்துக்குக் காரணமான ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் இது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்தார்.

"தம்பி, உங்க தண்ணியில இதைப் போட்டு இன்னொரு வாட்டி வைங்க."

பையன் தயங்கினார். அத்தையே போட்டுக் கலக்கி, பிளக்கைச் செருகினார். சுத்தமான தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, நுரை தள்ளியது. நிறம் வந்தது தண்ணீரிலிருந்து அல்ல, கம்பியிலிருந்து. தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாகும். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் பெயருக்குத்தான் பாயும், அதனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல கிணற்றுத் தண்ணீரும் இந்தப் பரீட்சையில் ஃபெயில்தான்.

"உப்பு போட்டா எந்தத் தண்ணியும் இப்படித்தாம்மா ஆகும்" என்றார் பையன்.

"அதைத்தாம்ப்பா நானும் சொல்றேன்."

பையன் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கம்பெனியில் சொல்லிக் கொடுத்ததைச் செய்திருக்கிறார். அத்தை காபி கொண்டுவந்தார். போர் தண்ணீரில் போட்ட காபி. ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டு, "இன்னும் அரை டம்ளர் கிடைக்குமாம்மா?" என்றார்.