புழுதிக்கு வழி விடாதிருப்போம்: மோட்டார் சைக்கிளின் காற்று வடிகட்டிக்கு எண்ணெய் இடுதலும் விளிம்பை அடைத்தலும்

சோளகக் காற்று வீசத் தொடங்கினால் வன்னியிலும் மன்னாரிலும் கிறவல் பாதைகள் எப்படி இருக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 2009ஆம் ஆண்டிற்குப் பின்னர் பிரதான வீதிகள் பல திருத்தப்பட்டுவிட்டன. ஆனால் குளக்கட்டு, வாய்க்கால் வரம்பு, காட்டோரப் பாதை, கடற்கரை மணல் ஒழுங்கை என்பன இன்றும் புழுதிப் பாதைகளாகவே உள்ளன. குடும்பநல மருத்துவ மாதும், விவசாயப் போதனாசிரியரும், மீன்பெட்டி கட்டிய வியாபாரியும், பங்கின் கிளை ஆலயங்களுக்குச் செல்லும் உபதேசியாரும் இந்தப் பாதைகளிலேயே நாளாந்தம் மோட்டார் சைக்கிளில் ஓடுகின்றனர். ஒரு வண்டி நின்றுவிட்டால் ஒரு கிராமத்தின் அலுவல் பல நின்றுவிடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் எங்கு சென்றன என்பதை நாம் எல்லோரும் கண்டோம். கையிலுள்ள வண்டியை நீண்ட காலம் ஓட வைப்பதே ஏழைக் குடும்பத்திற்கு இலாபம். அதற்கு அதிகம் செலவில்லாத, ஆனால் அதிகம் மறக்கப்படும் ஒரு வேலையைப் பற்றியே இங்கு கூற விரும்புகிறோம். எயார் பில்டர் என நாம் வழமையாகச் சொல்லும் காற்று வடிகட்டியைக் கழுவி, எண்ணெய் இட்டு, இடைவெளியின்றிப் பொருத்துவதே அவ்வேலை.

இயந்திரம் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது?

வண்டி பெற்றோலில் ஓடுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது பெற்றோலை விடக் காற்றையே அதிகம் உட்கொள்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் சரியாக எரிவதற்கு ஏறக்குறைய 9000 லீற்றர் காற்று தேவை. 125 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு அடிப்பு இயந்திரமொன்று நிமிடத்திற்கு 6000 தடவை சுழலும்போது 3000 தடவை காற்றை உள்ளிழுக்கிறது. அக்சிலேற்றரை முழுமையாகத் திருப்பியிருந்தால் அது நிமிடத்திற்கு 375 லீற்றர் வரை செல்லும். பஸ் ஒன்றின் பின்னால் கிறவல் பாதையில் ஓடும்போது அந்தக் காற்று முழுவதும் புழுதி கலந்த காற்றே.

புழுதியில் உள்ள மணற்றுகள் பெரும்பாலும் குவாட்ஸ் என்னும் கனியமாகும். கனியங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் அளவுகோலில் குவாட்ஸ் 7ஆம் இடத்தில் உள்ளது. சிலிண்டரின் உட்சுவராக அமையும் வார்ப்பிரும்பு அதைவிட மென்மையானது. ஆகவே உள்ளே போகும் மணற்றுகள் பிஸ்டன் றிங்குகளுக்கும் சிலிண்டருக்கும் இடையில் அகப்பட்டு, அரத்தாள் போல இரண்டையும் தேய்க்கும். நான்கு அடிப்பு இயந்திரத்தில் அத்துகள்கள் எஞ்சின் ஒயிலிலும் கலந்து மற்றைய பாகங்களையும் அரிக்கும். இரண்டு அடிப்பு இயந்திரத்திலோ காற்று முதலில் கிறாங் இருக்கும் அறையினூடாகவே செல்கிறது. அங்குள்ள பெயரிங்குகளும் முதலிலேயே பாதிக்கப்படும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். செயின் தளர்ந்தால் காதுக்குக் கேட்கும். புழுதி உள்ளே போவதோ கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. இழுவை குறைந்து, ஸ்ராட் எடுப்பது கடினமாகி, நான்கு அடிப்பு வண்டியில் நீலப்புகை வரும்போது சேதம் நடந்து முடிந்திருக்கும். பின்னர் சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் போடுவதைத் தவிர வேறு வழியிராது.

எண்ணெய் ஏன்?

மணற்பாதைக்கும் காட்டுப்பாதைக்கும் எனச் செய்யப்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் ஸ்பொஞ் வடிகட்டியே உண்டு. இந்த ஸ்பொஞ்சின் துளைகள் நுண்ணிய புழுதியை விடப் பெரியவை. உலர்ந்த ஸ்பொஞ் கல்லையும் சருகையும் தடுக்கும், மாப்போன்ற புழுதியைத் தடுக்காது. காற்று வளைந்து வளைந்து செல்லும் வழியெங்கும் பசைத்தன்மையுள்ள எண்ணெய் பூசப்பட்டிருந்தால் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். எனவே புழுதியைப் பிடிப்பது உண்மையில் எண்ணெய்தான். ஸ்பொஞ் அந்த எண்ணெயைத் தாங்கி நிற்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை. சாதாரண வீதி வண்டிகள் பலவற்றில் கடதாசி வடிகட்டியே உள்ளது. அதைக் கழுவவோ அதற்கு எண்ணெய் இடவோ கூடாது. சில கடதாசி வடிகட்டிகள் தொழிற்சாலையிலேயே எண்ணெய் ஊட்டப்பட்டு வருகின்றன. அவற்றைக் காற்றடித்துத் துப்புரவு செய்வதும் தவறு. உரிய காலத்தில் புதியதை மாற்றுவதே முறை. உங்கள் வண்டியில் உள்ளது எது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவும் முறை

1. பெட்டியைத் திறக்கும் முன் சீற்றின் அடியிலும் மூடியைச் சுற்றியும் உள்ள புழுதியை ஈரத்துணியால் துடையுங்கள். இல்லையேல் திறக்கும்போதே புழுதி உள்ளே விழும்.

2. வடிகட்டியை மெதுவாக வெளியே எடுங்கள். கார்புரேற்றருக்குச் செல்லும் குழாயின் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். திரும்பப் பூட்டும்போது எடுக்க மறக்காதபடி துணியின் ஒரு முனை வெளியே தொங்கட்டும்.

3. ஸ்பொஞ்சை அதன் சட்டத்திலிருந்து கழற்றி, மண்ணெண்ணெய் உள்ள பாத்திரத்தில் அமிழ்த்தி, கைகளுக்கிடையே அழுத்தி அழுத்திக் கழுவுங்கள். துணி பிழிவது போல முறுக்கக் கூடாது. முறுக்கினால் ஒட்டுகள் பிரியும், ஸ்பொஞ் கிழியும். பெற்றோலைப் பாவிக்கவே கூடாது. அது தீ ஆபத்து மிக்கதோடு ஒட்டுப்பசையையும் கரைக்கும். மண்ணெண்ணெயையும் அடுப்பிலிருந்தும் விளக்கிலிருந்தும் தூரமாக வைத்தே கையாளுங்கள். கையுறை இல்லாவிடின் கைகளில் சொப்பிங் பையை மாட்டிக்கொள்ளலாம்.

4. அதன்பின் இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து கழுவி, தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள்.

5. அழுத்தி நீரை அகற்றி, நிழலில் முற்றாக உலர விடுங்கள். ஈரம் உள்ள இடத்தில் எண்ணெய் ஒட்டாது. அவசரத்திற்காகச் சைலன்சரின் சூட்டில் வைக்காதீர்கள்.

6. உலர்ந்த ஸ்பொஞ்சை வெளிச்சத்திற்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். கிழிசல் இருந்தாலோ, ஒட்டு விட்டிருந்தாலோ, விரலால் நசிக்கும்போது பொடியாக உதிர்ந்தாலோ அது இனி உதவாது. மெத்தைக்குரிய ஸ்பொஞ்சை வெட்டிப் போடுவது நன்றன்று. அதன் துளைகள் இந்த வேலைக்கென அளவிடப்பட்டவை அல்ல.

கழுவிய மண்ணெண்ணெயைக் கிணற்றருகே ஊற்றவேண்டாம். போத்தலில் விட்டு வைத்தால் அழுக்கு அடியில் தங்கும். மேலே தெளிவதை அடுத்த முறையும் பாவிக்கலாம்.

எண்ணெய் இடும் முறை

ஸ்பொஞ் வடிகட்டிக்கென்றே விற்கப்படும் எண்ணெய் மிகச் சிறந்தது. அது இட்டபின் பசைபோல இறுகி நிற்கும். சீராகப் பரவியதா எனக் கண்டறியச் சாயமும் சேர்த்திருப்பார்கள். அது கிடைக்காவிடின், பழைய ஜப்பானிய வண்டிகள் பலவற்றின் கைநூல்கள் கூறும் 80-90 இலக்க கியர் ஒயிலைப் பாவிக்கலாம். எஞ்சின் ஒயில் இளக்கமானது. வண்டி நிற்கும்போது அது கீழே வடிந்து, மேற்பகுதியை உலர்ந்ததாக விட்டுவிடும். இயந்திரத்திலிருந்து வடித்த கறுத்த ஒயிலை ஒருபோதும் இடாதீர்கள். நாம் தடுக்க நினைக்கும் அழுக்கு அதிலேயே இருக்கிறது.

துப்புரவான சொப்பிங் பை ஒன்றினுள் ஸ்பொஞ்சை இட்டு, எண்ணெயை ஊற்றி, மாப்பிசைவது போல வெளியிலிருந்து பிசையுங்கள். எல்லா இடமும் ஒரே நிறமாக வரவேண்டும். வெளிறிய இடம் இருந்தால் அங்கு எண்ணெய் சேரவில்லை என்பது பொருள். பின்னர் மிகுதி எண்ணெயை அழுத்தி அகற்றுங்கள். தூக்கிப் பிடித்தால் சொட்டக் கூடாது, தொட்டால் விரலில் ஒட்டவேண்டும். அதுவே சரியான அளவு. எண்ணெய் அதிகமானால் காற்று குறையும். கார்புரேற்றர் வண்டியில் பெற்றோல் விகிதம் கூடிக் கறும்புகை வரும், எரிபொருளும் வீணாகும். விசேட எண்ணெய் இட்டிருந்தால் சிறிது நேரம் வைத்து, பசையாகிய பின்னரே பூட்டுங்கள்.

விளிம்பே முக்கியம்

நன்றாகக் கழுவி நன்றாக எண்ணெய் இட்ட வடிகட்டியும் ஓரிடத்தில் தோற்றுப்போகிறது. பெட்டியோடு அது பொருந்தும் விளிம்பே அந்த இடம். காற்று எப்போதும் இலகுவான வழியையே தேடும். எண்ணெய் நிறைந்த ஸ்பொஞ்சினூடாகப் போவதை விட, விளிம்பில் உள்ள தலைமயிரளவு இடைவெளியினூடாகப் போவது அதற்கு இலகு. புழுதியும் அவ்வழியே போகும். வேலியில் பொட்டு இருந்தால் கதவைப் பூட்டிப் பயனில்லை அல்லவா?

ஆகவே பெட்டியினுள்ளே வடிகட்டி அமரும் இடத்தை முதலில் சுத்தமாகத் துடையுங்கள். நீரைத் தாங்கும் லித்தியம் கிறீஸை வடிகட்டியின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடாகப் பூசுங்கள். ஸ்பொஞ்சின் முகத்தில் பூசினால் காற்று அடைபடும், விளிம்பில் மட்டும் பூசுங்கள். பின்னர் சட்டத்தில் மாட்டி, நேராக அமர்த்தி, நட்டையோ கொளுக்கியையோ இறுக்குங்கள். விரலை விளிம்பைச் சுற்றி ஓடவிட்டு, எங்கும் மடிந்தோ எழும்பியோ இல்லை என உறுதிசெய்யுங்கள்.

அத்தோடு பெட்டியிலிருந்து கார்புரேற்றருக்குச் செல்லும் இறப்பர்க் குழாயையும் பாருங்கள். பழைய வண்டிகளில் இது வெடித்திருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். வடிகட்டிக்கு அப்பால் உள்ள இந்த வெடிப்பினூடாகப் போகும் புழுதியைத் தடுக்க எதுவுமே இல்லை. வெடித்த குழாயை மாற்றவேண்டும், கிளிப்பை இறுக்கவேண்டும். பெட்டியின் அடியில் நீர் வடியும் சிறுகுழாய் தொலைந்திருந்தால் அதையும் போடுங்கள்.

வெள்ளைத் துணிச் சோதனை

வேலை சரியா என்பதை அறிய இலகுவான வழி ஒன்றுண்டு. சில நாட்கள் ஓடிய பின் வடிகட்டியைக் கழற்றி, அதற்குப் பின்னால் உள்ள குழாயின் உட்பகுதியைச் சுத்தமான வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் வேலை சரி. செம்மண் நிறம் பட்டால் எங்கோ வழி இருக்கிறது. விளிம்பில் கிறீஸ் மீது புழுதி கோடாகக் குறுக்கே சென்றிருந்தால் இடைவெளி அவ்விடத்திலேயே உள்ளது. வடிகட்டியின் வெளிமுகம் எவ்வளவு அழுக்காக உள்ளது என்பதைப் பார்த்தே பலர் திருப்திப்படுகின்றனர். வெளிமுகத்தின் அழுக்கு பிடிபட்ட புழுதியைக் காட்டுகிறது. தப்பிச் சென்ற புழுதியை உட்பக்கம் மட்டுமே காட்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

புழுதிப் பாதையில் ஓடுபவருக்குக் கைநூலில் உள்ள கிலோமீற்றர் கணக்குப் போதாது. கோடையில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஓகஸ்ட் மாத மடுத் திருவிழாக் காலம்போல வாகனங்களின் பின்னால் நீண்ட தூரம் புழுதியில் ஓடினால் அன்று மாலையே பாருங்கள். மோட்டோகுறொஸ் போட்டியாளர்கள் ஒவ்வொரு ஓட்டத்திற்கும் சுத்தமான வடிகட்டி போடுவது வழக்கம். இரண்டாவது ஸ்பொஞ் ஒன்றை வாங்கி, எண்ணெய் இட்டு, பையில் கட்டி வைத்திருந்தால் மாற்றுவதற்குச் சில நிமிடங்களே செல்லும். மாரியில் வெள்ளத்தைக் கடக்கும்போது பெட்டியினுள் நீர் புகுந்தால், உலர்த்தி மீண்டும் எண்ணெய் இடவேண்டும். இழுவை கூடும் என்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓடும் இளைஞர்களும் உள்ளனர். அவர்கள் சிறிது வேகத்திற்காக இயந்திரத்தின் ஆயுளைக் கொடுக்கிறார்கள்.

உழவிற்குப் பாவிக்கும் லாண்ட்மாஸ்டர்கள் பலவற்றிலும் இதே தத்துவமே உள்ளது. அங்கு கிண்ணத்தில் உள்ள எண்ணெய் புழுதியைப் பிடிக்கிறது. எண்ணெய் சேறுபோலத் தடித்தவுடன் கிண்ணத்தைக் கழுவி, குறித்த கோடு வரை புதிய எண்ணெய் விடுங்கள். கிண்ணத்தின் வளையத்தையும் பார்த்துப் பூட்டுங்கள்.

ஆபிரிக்க நாடுகளில் சுகாதாரப் பணிக்கென வழங்கப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் பராமரிப்பின்றிக் கைவிடப்பட்டுக் கிடந்ததைக் கண்டதிலிருந்தே ‘றைடர்ஸ் போர் ஹெல்த்’ என்னும் அமைப்பு உருவானது. வண்டியைக் கொடுப்பது மட்டும் போதாது, ஓட்டுபவரே அதை நாளாந்தம் பார்க்கப் பழக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. இது எமக்கும் பொருந்தும். பங்கிலோ சங்கத்திலோ பொதுவாகப் பாவிக்கும் வண்டிக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை என்ற எண்ணமே அதன் முதல் எதிரி. அப்படியான வண்டிகளுக்கு வடிகட்டி கழுவிய திகதியையும், துணிச் சோதனையின் முடிவையும், செய்தவரின் பெயரையும் எழுத ஒரு சிறு கொப்பி வைக்குமாறு வேண்டுகிறோம். இளைஞர் மன்றங்கள் ஒரு சனிக்கிழமை மாலை கூடி, ஊரிலுள்ள வண்டிகளை வரிசையில் நிறுத்தி இவ்வேலையைக் கற்றுக்கொள்ளலாம். அதற்குத் தேவையானவை ஒரு போத்தல் மண்ணெண்ணெய், சிறிது கியர் ஒயில், ஒரு டப்பா கிறீஸ், ஒரு வெள்ளைத் துணி ஆகியவை மட்டுமே.