உஷார்! பாத்ரூம் கருப்புக் கறையைப் போக்க ஆசிட் எடுக்கிறீர்களா?

கையில் இருக்கிற பாட்டிலை முதலில் கீழே வையுங்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஷவருக்குக் கீழே டைல்ஸ் இடுக்குகளில் கருப்பு ஏறிவிடும். விருந்தாளி வருவதற்குள் அதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கையில் ஆசிட் பாட்டிலும் இன்னொரு கையில் பிளீச்சிங் பவுடர் பொட்டலமுமாக பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அப்படிக் கதவைச் சாத்திக்கொண்டவள் நான்.

எங்கள் குடியிருப்பில் போர்த் தண்ணிதான். குழாய், சுவர், தரை என்று பாத்ரூம் முழுக்க உப்பு வெள்ளையாகப் படியும். அதைக் கரைக்க ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். சரியாகக் கழுவிவிடக்கூட இல்லை. இடுக்கில் இருந்த கருப்பு அப்படியே இருந்ததைப் பார்த்த எரிச்சலில், அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். முதலில் நீச்சல் குளத்து வாசனை வந்தது. ‘ஆகா, வேலை செய்கிறது’ என்று நினைத்தேன். அடுத்த மூச்சு உள்ளே போகவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது, கண் எரிந்து தண்ணீராய்க் கொட்டியது, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. தட்டுத் தடுமாறிக் கதவைத் திறந்தபோது, பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வேலைக்கார அக்கா ஓடிவந்து, “என்னம்மா நெடி இது, வெளிய வா மொதல்ல!” என்று கையைப் பிடித்து இழுத்தார். இருமல் மறுநாள் வரை விடவில்லை. நான் பிழைத்தது அந்தக் கதவு சட்டென்று திறந்ததால்தான்.

என் பாத்ரூமில் கிளம்பியது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகரத்துக்கு அருகே ஜெர்மன் படை பதுங்குகுழிகளில் இருந்த வீரர்கள் மேல் திறந்துவிட்டதும் இதே வாயுதான். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது என்பதால் அது மேலே போகாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அன்று பதுங்குகுழிக்குள் இருந்தவர்களைக் கொல்ல முடிந்தது அதனால்தான். இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். நாலடிக்கு ஆறடி பாத்ரூமில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைத் தேய்க்கிறவரின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது? வென்டிலேட்டரோ ஏழடிக்கு மேலே.

நம் ஊரில் இந்த விபத்து நடக்க இவ்வளவு வாய்ப்பு இருப்பதற்குக் காரணம் தண்ணீர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உப்புத் தண்ணி இருக்கும் வீட்டில் ஆசிட் இல்லாமல் இருக்காது. மழைக்காலம் வந்த வீட்டில் பிளீச்சிங் பவுடர் இல்லாமல் இருக்காது. இரண்டும் ஒரே அலமாரியில், சின்க்குக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வெள்ளைக்கு ஒன்று, கருப்புக்கு ஒன்று. ஒரே காலையில் இரண்டையும் எடுப்பது அத்தனை இயல்பு.

ஆசிட் என்றால் தெருவில் கூவி விற்கும் மஞ்சள் ஆசிட் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். டாய்லெட்டுக்கு ஊற்றும் நீலக் கிளீனர்களில் பலவற்றில் இருப்பதும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். பாட்டிலின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பாருங்கள். வினிகரும் சிட்ரிக் ஆசிடும் எலுமிச்சைச் சாறும்கூட பிளீச்சோடு சேர்ந்தால் குளோரினைக் கிளப்பும். கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற இன்னொரு விஷவாயு. ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் கூடாது. பிளீச்சுக்குத் துணை தண்ணீர் ஒன்றுதான்.

ஆபத்து வர இரண்டையும் கலக்கவே வேண்டும் என்பதில்லை, தனித்தனியே ஊற்றினாலும் போதும். டாய்லெட்டில் ஒன்றை ஊற்றி ஊறவிட்டு, தரையில் இன்னொன்றைத் தெளித்துத் தள்ளினால் இரண்டும் கழிவுக் குழாயில் போய்ச் சந்தித்துக்கொள்ளலாம். இரண்டு தடவை ஊற்றினால் இரண்டு மடங்கு சுத்தம் என்ற கணக்கு இங்கே செல்லாது. கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய மாஸ்க்கைப் போட்டுக்கொண்டால் போதும் என்றும் நம்ப வேண்டாம். அது தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த வேலையைச் செய்வது வீட்டுக்காரர் இல்லை. “அந்தக் கருப்பு போற மாதிரி நல்லா ஊத்திக் கழுவிடுங்க” என்று நாம் ஹாலில் இருந்து சொல்கிறோம், உள்ளே உட்கார்ந்து மூச்சு விடுகிறவர் வேறு ஒருவர். எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த ஆசிட்டுக்கு லேபிள் ஏது?

ஒருவேளை கலந்துவிட்டது, நெடி வந்துவிட்டது. என்ன செய்வது? கழுவிவிட்டு வருகிறேன் என்று நிற்காதீர்கள். அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். எக்ஸாஸ்ட் ஸ்விட்ச் வெளியே இருந்தால் போடுங்கள், வீட்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். கண்ணில் எரிச்சல் இருந்தால் வேறு குழாயில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம் இருந்தால் 108-ஐ அழையுங்கள். ஆஸ்துமா உள்ளவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். முதலில் சரியானது போலத் தெரிந்து, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. ‘இப்போ பரவாயில்லை’ என்று படுத்துத் தூங்கிவிடாதீர்கள்.

இனி அந்தக் கருப்பைப் பற்றி.

நாம் எல்லாவற்றையும் ‘பாசி’ என்றே சொல்லிவிடுகிறோம். பாத்ரூம் இடுக்கில் இருப்பது பெரும்பாலும் பூஞ்சை. ஷவர் மூலையில் இளஞ்சிவப்பாக வழவழவென்று படிகிறதே, அது பூஞ்சைகூட இல்லை. பெரும்பாலும் செராஷியா என்ற பாக்டீரியா. சோப்பும் ஷாம்பூவும் நம் உடம்பு எண்ணெயும்தான் இரண்டுக்கும் சாப்பாடு. ஈரம் ஒன்றிரண்டு நாள் காயாமல் இருந்தால் பூஞ்சைக்குப் போதும், குடியேறிவிடும்.

‘கருப்புப் பூஞ்சை ஆளைக் கொல்லும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1990-களில் கிளீவ்லாந்து நகரத்தில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக் கசிவு ஏற்பட்டபோது, ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கருப்புப் பூஞ்சைமேல் சந்தேகம் விழுந்தது. அந்தச் சந்தேகத்துக்குக் காரணமான ஆய்வை 2000-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே மறுபடி அலசி, தொடர்பு நிரூபணமாகவில்லை என்றது. அந்தப் பூஞ்சைக்குப் பிடித்தது நனைந்த காகிதமும் அட்டையும் மரமும். டைல்ஸ் இடுக்கில் வழக்கமாக வளர்வது வேறு வகைகள். ஆகவே கருப்பைப் பார்த்ததும் பதறி ஆசிட்டை எடுக்க வேண்டியதில்லை.

அதற்காக அலட்சியமாக விடவும் முடியாது. இங்கிலாந்தின் ராச்டேலில் பூஞ்சை பிடித்த குடியிருப்பில் வளர்ந்த இரண்டு வயதுக் குழந்தை 2020-ல் மூச்சுக்கோளாறில் இறந்தது. நீண்ட நாள் பூஞ்சையைச் சுவாசித்ததே காரணம் என்று 2022-ல் மரண விசாரணையில் முடிவானது. வாடகை வீட்டுப் பூஞ்சையைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்யச் சொல்லும் சட்டத்தை அங்கே அந்தக் குழந்தையின் பெயரால் ‘ஆவாப் சட்டம்’ என்கிறார்கள். அது பாத்ரூம் இடுக்கில் நாலு கோடு இருந்த கதை இல்லை, வீடே ஈரத்தில் ஊறிய கதை. ஆனாலும் ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் சின்னக் கருப்பையும் வளரவிடக் கூடாது.

சரி, எப்படி எடுப்பது? பாதிக்கு மேல் வேலையைச் செய்வது கைதான், மருந்து இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைகூட, பூஞ்சை எடுக்க வழக்கமாக பிளீச் போட வேண்டாம் என்றே சொல்கிறது. காய்ந்த கருப்பைத் தேய்த்தால் அதன் வித்துகள் பறக்கும், ஆகவே முதலில் நனையுங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவமும் சமையல் சோடாவும் குழைத்து இடுக்கில் அப்பி, பத்து நிமிடம் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் கோட்டோடு தேய்த்துக் கழுவுங்கள். என் வீட்டில் முக்கால்வாசி இதிலேயே போய்விட்டது. இத்தனை நாள் ஆசிட்டுக்குக் கொட்டிய காசை நினைத்து வயிறு எரிந்தது தனி.

மிச்சம் இருந்தால் மட்டும், அதுவும் வேறொரு நாளில், பிளீச். திரவ பிளீச் என்றால் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 60 மில்லியைத் தாண்ட வேண்டாம். வெந்நீர் கூடாது. கதவும் வென்டிலேட்டரும் திறந்திருக்கட்டும், கையில் ரப்பர் கிளவுஸ் இருக்கட்டும். துணியில் நனைத்து இடுக்கில் ஒட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் போய்க் கழுவினால் போதும். உள்ளேயே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தேவையில்லை. ஆனால் ஒன்று, பிளீச் நிறத்தை வெளுக்கும். வெளுத்துவிட்டதாலேயே உள்ளே இருக்கும் வேர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டே வாரத்தில் அதே கோட்டில் அதே கருப்பு திரும்பி வந்தால் இதுதான் காரணம்.

ஆசிட்டின் இன்னொரு துரோகத்தையும் கேளுங்கள். டைல்ஸ் இடுக்கில் மேஸ்திரி அடைத்திருப்பது பெரும்பாலும் ஒயிட் சிமென்ட். ஆசிட் பட்டதும் அது நுரைத்துப் பொங்கும். அழுக்கு வெளியே வருகிறது என்று நமக்கு மனசு குளிரும். வெளியே வருவது சிமென்ட்! ஒவ்வொரு தடவையும் இடுக்கு கொஞ்சம் கரைந்து, பொடிப்பொடி ஓட்டை விழுந்து, இன்னும் அதிகம் தண்ணீர் குடிக்கும். பூஞ்சைக்கு அறை கட்டிக் கொடுப்பது போலத்தான். ஆசிட் ஊற்ற ஊற்றக் கருப்பு சீக்கிரம் வருகிறதே என்று நான் அலுத்துக்கொண்டதற்கு விடை, பழைய டைல்ஸ் மேஸ்திரி ஒருவர் இடுக்கில் நகத்தால் சுரண்டிக் காட்டியபோதுதான் கிடைத்தது. உதிர்ந்து மாவாகக் கொட்டியது. உப்புக் கறைக்கு வினிகரைத் துணியில் நனைத்துக் குழாயில் மட்டும் சுற்றி வைத்தால் போதும், பிளீச் பக்கம் போகாத நாளில்.

தடுப்பு என்று பார்த்தால் எல்லாம் ஈரத்தில் வந்து நிற்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் ஆயிற்று என்பார்கள். மழைக்காலச் சென்னையில் வெளிக்காற்றே நனைந்த துணி மாதிரி இருக்கும்போது அது மட்டும் எவ்வளவு உலர்த்திவிடும்? முதல் வேலை வைப்பருக்கு. கடைசியாகக் குளிக்கிறவர் சுவரை மேலிருந்து கீழாக ஒரு தடவை, தரையை ஒரு தடவை இழுத்துவிட்டால் பூஞ்சைக்குப் போகும் தண்ணீரில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். இரண்டு நிமிட வேலை. எங்கள் வீட்டில் இதற்கு நடந்த பஞ்சாயத்து இரண்டு மாதம். பிறகு எக்ஸாஸ்ட்டை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கதவுக்கு அடியில் காற்று நுழைய இடைவெளி இருந்தால்தான் அது இழுக்கும். ஃபேன் இல்லாத வீட்டில் பாத்ரூம் கதவைத் திறந்துவைத்து அறை மின்விசிறியைச் சுற்றவிட்டாலே நல்ல பலன். ஈரத் துண்டையும் மிதியடியையும் உள்ளேயே விட்டு வைக்காதீர்கள்.

புறாவுக்கும் கொசுவுக்கும் பயந்து வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருக்கிறீர்களா? அட்டையைக் கழற்றி வலை அடியுங்கள். உள்ளே கேஸ் கீசர் இருந்தால் இன்றே. அடைத்த பாத்ரூமில் கேஸ் கீசர் எரிந்தால் சேர்வது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நெடியும் கிடையாது, இருமலும் வராது.

ஒரே மூலையில், என்ன செய்தாலும், கருப்பு திரும்பத் திரும்ப வந்தால் சுவருக்குள் குழாய் கசிகிறதா, மேல்மாடி பாத்ரூம் ஒழுகுகிறதா என்று பாருங்கள். அதைத் தேய்த்து மாளாது. சிலிகான் பட்டைக்குள் கருப்பு இறங்கிவிட்டால் அதுவும் தேய்ப்பதற்கு இல்லை. பிளேடால் அறுத்தெடுத்து, நன்றாக உலரவிட்டு, பூஞ்சை எதிர்ப்புச் சிலிகான் வைக்க வேண்டியதுதான். மாவாக உதிரும் இடுக்குகளைச் சுரண்டிவிட்டு எபாக்சி அடைக்கச் சொல்லுங்கள். ஒயிட் சிமென்ட்டைவிடச் செலவு, ஆனால் தண்ணீர் குடிக்காது.

எங்கள் பாத்ரூமில் அந்த வேலை நடந்த அன்று, ஒரு நாள் முழுக்க யாரும் குளிக்கக் கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். எதிர்வீட்டில் போய் வாளி எடுத்துக் குளித்தோம். அவர்கள் பாத்ரூமிலும் சின்க்குக்கு அடியில் லேபிள் இல்லாத மஞ்சள் பாட்டில் ஒன்று, அதை ஒட்டி பிளீச்சிங் பவுடர் பொட்டலம் ஒன்று. தலையைத் துவட்டுவதற்கு முன் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் பால்கனி அலமாரியில் வைத்துவிட்டு, மார்க்கர் பேனா கேட்டு வாங்கி, அந்த பாட்டிலில் கொட்டை எழுத்தில் ‘ஆசிட்’ என்று எழுதினேன்.