ஊசி போடாத வைத்தியம்

ஆரணி, செய்யாறு வட்டாரத்தில் தறிக்குழிக்குள் காலை விட்டு நாள் முழுக்கக் குனிந்து பட்டு நெய்கிறவருக்கு இடுப்பும் முட்டியும் வலிக்கும், கண் மங்கும். மருத்துவர் மாத்திரை எழுதித் தருவார். மறுநாளும் அவர் அதே குழியில்தான் இறங்குவார். கூலி, வேலை நேரம், சாயக்கழிவு கலக்கும் தண்ணீர் இவற்றில் எதற்கும் மருந்துச் சீட்டில் இடமில்லை. அவை சட்டத்தின் கையில் இருக்கின்றன. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆகவே ஒரு மருத்துவர் சட்டமன்றத்துக்குப் போவதை, தொழிலை விட்டு ஓடுவதாக நான் பார்க்கவில்லை. தன் அறையில் கண்ட நோயின் காரணத்தை அவைக்குக் கொண்டுபோவாரானால், அது அதே வைத்தியத்தின் அடுத்த கட்டம்தான்.

இதற்கு முதல் சான்று புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1926-இல் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் தேர்வானார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் அவரே. சிறுமிகள் தாயாகும்போது பிரசவ அறையில் என்ன நடக்கும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த செய்தி அல்ல. அதனால் திருமண வயதை உயர்த்தக் கேட்டபோது அவர் சொல்லில் அனுபவத்தின் கனம் இருந்தது. பெண்களை இளம் வயதிலேயே கோயிலுக்குப் பொட்டுக் கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தை நிறுத்த 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார். தடைச் சட்டம் நிறைவேற 1947 ஆயிற்று. அவர் 1930-லேயே, காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டு விலகியிருந்தார். பதவியில் இருந்த நாட்கள் கொஞ்சம். தொடங்கி வைத்த வேலை நீண்டது.

திருச்சியில் வைத்தியம் பார்த்த டி.எஸ்.எஸ். ராஜன் 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் பொது சுகாதாரத்துறை அமைச்சரானார். குடிநீர், சாக்கடை, தொற்றுநோய் எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்த சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் 1939-இல் அந்த ஆட்சியில்தான் வந்தது.

நோயாளிகள் ஒரு நல்ல மருத்துவரை இழக்கிறார்களே என்று கேட்பார்கள். இழப்பு உண்மைதான். மேற்கு வங்க முதல்வராக இருந்தபடியே தினமும் நோயாளிகளை இலவசமாகப் பார்த்த பி.சி. ராய் போல எல்லோராலும் முடியாது. ஆனால் ஒரு மருத்துவர் ஒரு நாளில் பார்க்கக்கூடியவர்கள் சில நூறு பேர். ஒரு நல்ல சட்டம் அவர் முகம் தெரியாத தலைமுறைகளையும் எட்டும். இதைவிடக் கடுமையான ஆட்சேபம் வேறொன்று. நோயை மட்டும் பார்க்கும் கண், பிழைப்பைப் பார்க்காமல் விட்டுவிடும். முத்துலட்சுமியின் முயற்சியைச் சென்னைத் தேவதாசிகளே சங்கமாகத் திரண்டு எதிர்த்தார்கள். தங்கள் கலையும் வாழ்வும் போகும் என்றார்கள். அந்தக் குரலை ஒதுக்கிவிட முடியாது. எனினும் 1929-இல் அவர் கொண்டுவந்த சட்டத் திருத்தம், கோயில் பணியிலிருந்து பெண்களை விடுவித்தபோது மானிய நிலத்தை அவர்களிடமிருந்து பறிக்கவில்லை. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தையும் தொடங்கினார். பிழைப்பையும் எண்ணிப் பார்த்த மருத்துவர் அவர் என்பதற்கு இவை போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அவர் நியமன உறுப்பினர், கட்சிக் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. 1985-இன் கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பின் அந்தச் சுதந்திரம் ஓர் உறுப்பினருக்குக் குறைவு. ஆனால் வாக்களிப்பில் கட்சி சொல்வதைக் கேட்டாலும், கேள்வி நேரத்திலும் மானியக் கோரிக்கை விவாதத்திலும் பேச வாய் கட்டப்படவில்லை.

நாளை உங்கள் தொகுதியில் ஒரு மருத்துவர் வாக்குக் கேட்டு வந்தால், அவர் எத்தனை பேருக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். நெசவாளியின் இடுப்பு வலிக்குச் சட்டமன்றத்தில் என்ன கேட்பீர்கள் என்று கேளுங்கள்.