நெடுந்தூர மூவகைப் போட்டியும் பயிற்சியொடுக்கமும்

உடலை வருத்துதலே பயிற்சி என்றும், போட்டி நெருங்க நெருங்க அவ்வருத்தத்தை மிகுவித்தலே தக்க முறை என்றும் எண்ணுவார் பலர். பரீட்சைக்கு முன்னாளிரவு முழுவதும் கண்விழித்துப் படிக்கும் மாணவரிடத்தும் இவ்வெண்ணமே குடிகொண்டுள்ளது. நெடுந்தூரப் போட்டிகளைப் பொறுத்தவரை உடற்றொழிலியல் இதற்கு நேர்மாறான முடிபையே தருகின்றது. போட்டிக்கு முன்னுள்ள இரண்டு மூன்று கிழமைகளில் பயிற்சியின் அளவைப் படிப்படியாகச் சுருக்குதல் வேண்டும் என்பதே அம்முடிபு. ஆங்கிலேயர் இதனை 'ரேப்பர்' என்பர். அச்சொல் முதற்கண் மெழுகுதிரியைக் குறித்தது. நுனி நோக்கி ஒடுங்கும் அதன் வடிவினாற் பின்னர் இப்பொருளையும் பெற்றது. நாம் அதனைப் பயிற்சியொடுக்கம் என வழங்கலாம். எதனை ஒடுக்குவது, எதனை ஒடுக்காது விடுவது என்பனவே ஈண்டு ஆராயற்பாலன.

ட்ரையத்லன் என்பது நீந்தல், துவிச்சக்கர வண்டியோட்டல், ஓடல் என்னும் மூன்றையும் இடையறாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் போட்டி. அதன் நெடுந்தூர வடிவமாகிய 'அயன்மேன்' 1978ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய ஓவாகுவில் முதன்முறை நடைபெற்றது. அங்கு முன்னரே தனித்தனி நிகழ்ந்துவந்த கடல்நீச்சற் போட்டி, தீவைச் சுற்றிய வண்டியோட்டம், ஹொனலுலு மரதன் ஆகிய மூன்றையும் இணைத்து 2.4 மைல் நீந்தி, 112 மைல் வண்டியோட்டி, 26.2 மைல் ஓடுமாறு விதித்தனர். பதினைவர் தொடங்கினர், பன்னிருவர் முடித்தனர். முதல்வரான கோர்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி சென்றது. இதன் பாதித் தூரம் கொண்ட போட்டியொன்று 2018இல் நமது கொழும்பு நகரிலும் நடைபெற்றமை நினைக்கத்தக்கது. இத்துணை நேரம் உழைத்தற்கு மாதக்கணக்காகப் பயின்ற ஒருவர், இறுதி நாட்களில் ஓய்ந்திருத்தல் எங்ஙனம் நன்மை பயக்கும்?

இதற்கு விடை, பயிற்சி ஒரேவேளையில் இரண்டு விளைவுகளைத் தருகின்றது என்பதிற் காணப்படும். ஒன்று ஆற்றல், மற்றையது அயர்வு. கனடாவைச் சேர்ந்த பனிஸ்ரர் முதலியோர் 1975இல் இவ்விரண்டையும் கணித முறையில் வகுத்துக் காட்டினர். ஒருவரின் திறன் என நாம் காண்பது ஆற்றலிலிருந்து அயர்வைக் கழித்த மிச்சமேயாம். இவ்விரண்டும் ஒரே வேகத்தில் தேய்வன அல்ல. அம்முறையில் வழக்கமாகக் கொள்ளப்படும் எண்களின்படி ஆற்றலின் தேய்வுக்கு 45 நாளும் அயர்வின் தேய்வுக்கு 15 நாளும் அளவுகோலாகும். அதாவது அயர்வு மும்மடங்கு விரைவில் நீங்கும். ஆகவே, பயிற்சியைக் குறைக்கும்போது முதலிற் குறைவது அயர்வே. அதன் கீழ் மறைந்து கிடந்த ஆற்றல் சில நாட்களுக்கு வெளிப்பட்டுத் தோன்றும். இறுதிக் கிழமையிற் செய்யும் கடும்பயிற்சியோ, அதனால் வரும் ஆற்றல் முதிருமுன்னரே போட்டி வந்துவிடுதலால், அயர்வை மாத்திரமே கூட்டும்.

இக்கணிதம் தோன்றுதற்கு முன்னரே உலகம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கண்டது. அளவிறந்த பயிற்சிக்குப் பேர்போன செக்கோசிலோவாக்கிய வீரர் எமில் சற்றோபெக், 1950இல் பிரசெல்சில் நடந்த ஐரோப்பியப் போட்டிகளுக்கு முன்னர் நோயுற்று ஏறத்தாழ இரண்டு கிழமை மருத்துவமனையிற் கிடந்தார். எழுந்து சென்று ஓடிய அவர், 10,000 மீற்றரில் அடுத்தவரை ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று முந்தினார்; 5,000 மீற்றரிலும் 23 விநாடி வேறுபாட்டில் வென்றார். ஆயின், படுக்கையே சிறந்த பயிற்சி என்று இதனாற் கொள்ளுதல் தவறு.

அத்தவற்றைத் தெளிவாக விளக்குவது கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 1992இல் வெளியிட்ட ஆய்வு. நடுத்தூர ஓட்டக்காரர் ஒன்பதின்மர் மூன்று வகையான ஒடுக்கங்களை ஒவ்வொன்றாக மேற்கொண்டனர். முழு ஓய்வு ஒன்று, மெல்லோட்டம் ஒன்று, நாடோறும் அளவிற் குறைந்துவரும், ஆனால் மிக விரைந்த, 500 மீற்றர் ஓட்டங்கள் மற்றொன்று. முழு ஓய்வினாற் பயனொன்றும் விளையவில்லை. மெல்லோட்டத்தாற் சிறு பயனே விளைந்தது. விரைந்த ஓட்டத்தைச் சிறிதளவிற் காத்தவர்களோ, களைத்து நிற்கும்வரை ஓடிய நேரத்தை 22 சதவீதம் நீட்டினர். குருதியின் கனவளவும் கூடிற்று. 2007இல் பொஸ்கே முதலியோர் பல ஆய்வுகளை ஒருங்கு தொகுத்து நோக்கியபோதும், இரண்டு கிழமை ஒடுக்கமே மிக்க பயன் தந்தது. அதில் அளவு 41 முதல் 60 சதவீதம் வரை குறையவேண்டும், வேகமும் பயிலும் நாட்களின் எண்ணிக்கையும் குறைதல் கூடாது. இம்முறையால் வரும் முன்னேற்றம் சராசரி 3 சதவீதம் என்பர். சிறிதென எண்ணற்க. பதினொரு மணி நேரப் போட்டியில் அவ்விகிதமே நிகழுமாயின் ஏறத்தாழ இருபது நிமிடம் மிஞ்சும்.

மூவகைப் போட்டிக்காரர் மூன்றையும் ஒரே வகையாக ஒடுக்குதல் பொருந்தாது. ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குதலின் அதன் நார்கள் நுண்ணிதாகச் சிதைவுறும். அச்சிதைவு ஆற நாள் வேண்டும். ஆதலின் இறுதி நெடுவோட்டத்தை மூன்று கிழமைக்கு முன்னரே முடித்துக்கொள்வது வழக்கம். வண்டியோட்டத்திற் பாதம் நிலத்தை மோதுவதில்லை. இரண்டு கிழமைக்கு முன் இறுதி நெடும்பயணம் செய்யலாம். நீச்சலை இறுதிக் கிழமையிலும் விடாது தொடர்தல் நன்று. ஏனெனில், நீரைப் பற்றித் தள்ளும் கையின் நுண்ணுணர்வு சில நாள் விட்டாலும் மங்கும்.

இனி உணவு. தசைக்கு எரிபொருளாகிய கிளைக்கோசன், காபோவைதரேற்று உணவிலிருந்து உண்டாவது. 1966இல் சுவீடனைச் சேர்ந்த பேர்க்ஸ்திரோம், ஹல்ற்மன் என்னும் இருவர் தம்மையே சோதனைக்கு உள்ளாக்கினர். ஒரே வண்டியின் இருமருங்கும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மிதித்துக் களைத்தனர். பின்னர் மூன்று நாட்கள் காபோவைதரேற்று மிக்க உணவை உண்டு, இருகாற் றசைகளையும் ஊசியால் எடுத்து ஆய்ந்தனர். உழைத்த காலில் உழையாத காலினும் ஏறத்தாழ இருமடங்கு கிளைக்கோசன் சேர்ந்திருந்தது. இதனால், முதலில் உணவைக் குறைத்துத் தசையை வெறுமையாக்கிப் பின்னர் நிரப்பும் கடுமுறை சில காலம் வழங்கிற்று. அவ்வருத்தம் வேண்டுவதில்லை, பயிற்சியைக் குறைத்து நன்கு உண்டாலே போதும் என்பதை 1981இல் ஷேர்மன் முதலியோர் காட்டினர். இக்காலத்தார் கூறும் அளவு, இறுதி ஒன்றரை அல்லது இரண்டு நாட்களில் உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 10 முதல் 12 கிராம். அறுபது கிலோ நிறையுடையார்க்கு இது குறைந்தது 600 கிராம். சோறாகக் கணக்கிடின் இரண்டு கிலோவுக்கு மேல்! ஆகவே பாண், பழச்சாறு, சீனி சேர்ந்த பானம் முதலியவற்றையும் சேர்த்தே நிரப்புவர். கீரையும் பயறும் ஏனைய நாட்களுக்கு உகந்தனவாயினும், நார்ப்பொருள் மிக்கன ஆதலின் அவ்விரு நாட்களில் அவற்றைக் குறைப்பர்.

ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னுடன் வைத்திருக்கும். ஆதலால் நிறை ஒன்றிரண்டு கிலோ ஏறும். கால்கள் கனத்துத் தோன்றும். உண்மையில் இது சேமிப்பின் அறிகுறியே. ஆயினும் இந்நாட்களிலேதான் போட்டியாளர் மனம் பெரிதுங் கலங்கும். நாடோறும் பல மணி நேரம் உழைத்த உடல் ஓய்ந்தவுடன், முழங்காலில் நோவு, தொண்டையிற் கரகரப்பு என இல்லாத குறைகளையெல்லாம் மனம் தேடிக் காணும். நம்பிக்கை இழந்து ஒருநாள் நெடுந்தூரம் ஓடித் தம்மைச் சோதித்துப் பார்ப்பார், இரண்டு கிழமை ஓய்வின் பயனை அன்றே செலவிட்டவராவர். ஒடுக்கத்தின் கடினம் உடலிலன்று, இவ்வாறு தம்மைச் சோதியாதிருத்தலிலேயே உள்ளது என்பது என் கருத்து. புதிய காலணி, புதிய உணவு ஆகியவற்றையும் இந்நாட்களில் விலக்குவர். போட்டிக்கு முன்னிரவிற் பெரும்பாலார்க்கு நல்லுறக்கம் வருவதில்லை. அதற்கு முந்திய இரவுகளில் நிறைய உறங்கியிருப்பின் அதனாற் பெருங்கேடில்லை.

நீர் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. வெப்பத்துக்கு அஞ்சி அளவின்றி நீரருந்துவோரின் குருதியிற் சோடியம் நீர்த்துப்போய் மயக்கமும், சிலவேளை மரணமும் நேரும். 2002ஆம் ஆண்டுப் பொஸ்ரன் மரதனில் ஆராயப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினரிடம் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது நிறை கூடியவரே அவருட் பெரும்பாலார். தாகத்துக்கேற்ப அருந்துதலே தக்க அளவு.

போட்டிக்கு முதல்நாள் வண்டியை உரிய இடத்தில் ஒப்படைத்து, மாலையில் நேரத்தோடு உண்டு, படுத்துவிடுவர். மறுநாள் விடியுமுன் எழுந்து, தொடங்குதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு முன்னர், பழகிய எளிய உணவொன்றை உட்கொள்வர். பின்னர்த் தோள்களைச் சிறிது அசைத்து நீரில் இறங்கும்வரை அவர்கள் செய்தற்குரியது வேறொன்றுமில்லை.