ஆயா கோத்த ஈயக்குண்டு

காசிமேட்டு வீட்டில் தம்பியின் தூளிக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். அதில் ஆயா ஐந்தாறு ஈயக்குண்டுகளைக் கோத்திருந்தாள். வலையின் அடி விளிம்பைக் கடலுக்குள் இழுத்துப் பிடிக்குமே, அதே குண்டுகள். தூளியை ஆட்டினால் அவை ஒன்றோடொன்று மோதி மந்தமாகச் சத்தம் போடும். தம்பி கை காலை உதறிச் சிரிப்பான். கைக்கு எட்டத் தொடங்கியதும் வாயில் வைத்துச் சப்பினான். பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டதற்கு, "பாத்திரத்துக்கே ஈயம் பூசறாங்க, புள்ளைக்கு இன்னா ஆயிடும்?" என்றாள் ஆயா.

பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். வலையில் கட்டுவது காரீயம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்த பழக்கம், நஞ்சை எங்கள் தூளிக்கு மேலேயே கட்ட வைத்தது. ஆயாவின் அன்பில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வடசென்னையில் அன்று கைக்குழந்தையின் விளையாட்டுச் சாமான் பெரும்பாலும் அப்பாவின் வேலையிடத்திலிருந்துதான் வந்தது. பெரம்பூர் பி அண்ட் சி மில்காரர் வீட்டில் துண்டுத்துணிப் பொம்மை இருக்கும். திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டி ஆலைக்காரர் வீட்டில் காலிப்பெட்டி ரயில் ஓடும். காசு கொடுத்து வாங்கியது என்றால், மாசித் திருவிழாக் கடையில் கிடைத்த பனையோலைக் கிலுகிலுப்பையும் செம்மர மரப்பாச்சியும்தான். சாயம் பூசாத ஓலை, சாயம் பூசாத மரம். இன்று யோசித்தால், அன்றைய சாமான்களில் நான் பயமில்லாமல் ஒரு குழந்தையின் கையில் கொடுக்கக்கூடியவை அவை இரண்டும்தான். அதிலும் கிலுகிலுப்பையின் முடிச்சு அவிழ்ந்து உள்ளேயிருக்கும் கல் வெளியே வராதா என்று இழுத்துப் பார்த்த பிறகே கொடுப்பேன்.

வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாது. சென்னையில் 3 முதல் 7 வயதுவரையுள்ள 756 குழந்தைகளைச் சோதித்து 2009-ல் வெளியான ஆய்வில், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வந்தது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்த பி அண்ட் சி மில் 1996-ல் மூடப்பட்டது. ஆனால் வேலையிடத்துப் பொருள் வீட்டுக்கு வருவது இன்றும் நிற்கவில்லை. இப்போது வருவது கன்டெய்னர் யார்டின் பேலட் பலகை, பட்டறையில் மிஞ்சிய மஞ்சள் பெயின்ட். வீட்டு பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. லாரிக்கும் கிரேனுக்கும் அடிக்கும் தொழிற்சாலை பெயின்ட் அந்த விதிக்குள் வராது. அந்த டப்பாவில் மிஞ்சியதைத்தான் நடைவண்டிக்கு அடித்துவிடுகிறோம். 2021 ஜனவரியிலிருந்து கடைப் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வீட்டில் செய்வதற்கு முத்திரை போட யாரும் இல்லை. அங்கே சோதிப்பவள் அம்மாதான். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு சோதனைக் குழலுக்குள் முழுதாக அடங்கும் எதுவும் ஆகாது. அதனால் துணிப் பொம்மைக்குப் பொத்தானில் கண் வைக்காமல் நூலால் தைத்துவிடலாம்.

இந்த ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு: தூசி. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. ராயபுரத்துக் கொடிகளில் துணி கறுப்பது குறைந்தது. கரி எண்ணூருக்குப் போனது, அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பல் இருந்தது. தரையில் விழுந்த பொம்மைதான் நேராக வாய்க்குப் போகிறது. ஆகவே இங்கே துணியா மரமா என்று கேட்பதற்கு முன்னால், தினமும் கழுவ முடியுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தபோது பஞ்சுப் பொம்மைகள் அதை உறிஞ்சி ஊறிப்போயின. எங்கள் உறவுக்காரர் வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்து மீட்டது எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும்தான். குழந்தை அவற்றைத் தட்டித்தான் அந்த மாதம் முழுக்க விளையாடியது.

போன மாதம் தம்பி தன் பேத்திக்கு நடைவண்டி செய்ய ஒரு பேலட்டைத் தூக்கிவந்தான். அதில் குத்தியிருந்த முத்திரையைக் காட்டினான். எம்பி என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, எச்டி என்றால் சூடு மட்டும் காட்டியது.

"எச்டிதான்க்கா, பாரு."

"அதும்மேல இன்னா சரக்கு ஏத்தினாங்கடா?"

அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பலகையை முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதை மாடியில் தண்ணீர் டிரம்முக்கு அடியில் போட்டுவிட்டு, மரவாடிக்குப் போய் வேப்பம்பலகை வாங்கிவந்தான். உப்புத்தாள் போட்டு இழைத்துத் தேங்காய் எண்ணெய் தடவியதோடு சரி. பெயின்ட் அடிக்கவில்லை.